ஒரு துளிக் குருதி

கெடா மாநிலத்தின் தென்கிழக்கே, தாய்லாந்து எல்லையை அடுத்து, சுண்ணாம்புப் பாறைக் குன்றின் அடிவாரத்தில் அமைந்த ஊர் பாலிங். வரலாறு கற்றோர்க்கு இவ்வூரின் பெயர் 1955ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள் 28, 29 ஆகிய நாள்களை நினைவூட்டும். ஆயுதம் ஏந்திக் காட்டில் வாழ்ந்தோரும் நாட்டின் தலைவர்களும் இங்குள்ள பள்ளிக்கூடம் ஒன்றில் எதிரெதிரே அமர்ந்து, ஆயுதத்தைக் கீழே வைப்பது பற்றிப் பேசினர். உடன்பாடு காணாமலே பிரிந்தனர். ஆயினும், அப்பேச்சுக்குப் பல தலைமுறைகள் முன்னரே குருதியைப் பற்றிய கதையொன்று இவ்வூரோடு ஒட்டி வளர்ந்திருந்தது.

கெடாவின் பழங்கதைகளில் ராஜா பெர்சியோங் என்னும் மன்னன் வருகிறான். கோரைப்பல் மன்னன் என்பது அப்பெயரின் பொருள். அரண்மனையில் சமைப்பவர் கீரை அரியும்போது விரலை அறுத்துக்கொள்ள, ஒரு துளிக் குருதி கறியில் கலந்துவிட்டது. உண்ட மன்னன் அச்சுவையை வியந்து காரணம் கேட்டான். அறிந்தபின் அருவருத்தானோ எனின், இல்லை. மீண்டும் வேண்டும் என்றான். அவன் நாவிற்காக உயிர்கள் மடிந்தன. வாயில் கோரைப்பற்கள் முளைத்தன. குடிகள் கிளர்ந்தெழுந்தபோது நாட்டைவிட்டு ஓடிய அவன், அப்பற்களைப் பிடுங்கி எறிந்தான் என்றும், அவை விழுந்த இடமே பாலிங் ஆயிற்று என்றும் மக்கள் கூறுவர். மலாய் மொழியில் ‘பாலிங்’ என்பது எறிதலைக் குறிக்கும் சொல். 1955ஆம் ஆண்டுப் பேச்சில் அமர்ந்த துங்கு அப்துல் ரகுமானே பின்னாளில் இக்கதையைத் திரைப்படத்திற்காக எழுதினார். அப்படம் 1968இல் வெளிவந்தது.

கதையில் ஒரு நுட்பம் உண்டு. முதல் துளி விபத்து. அதில் சமைத்தவர்க்கும் குற்றமில்லை, உண்டவனுக்கும் குற்றமில்லை. மீண்டும் வேண்டும் என்று கேட்ட அந்தக் கணத்தில்தான் குற்றம் பிறந்தது. எனவே, கதை எழுப்பும் வினா குருதி சிந்தியது ஏன் என்பதன்று. குருதியைக் கண்டபின் மனிதன் என்ன ஆகிறான் என்பதே. வேட்டையின் அறத்தை ஆராய்வார்க்கும் இதைவிடச் சிறந்த வினா வாய்ப்பது அரிது. தன் மகனின் கையில் முதன்முதலாக வில்லைக் கொடுக்கும் தந்தை, வில்லை மட்டுமா கொடுக்கிறார்? குருதியைக் கண்டால் எப்படி நிற்பது என்னும் பாடத்தையும் அன்றோ, அறிந்தோ அறியாமலோ, சேர்த்துக் கொடுக்கிறார்?

இவ்வினாவிற்குரிய முதற்சான்று பாலிங் வட்டாரத்திலேயே இருக்கிறது. உலு லெகோங் பகுதியில் கென்சியு என்னும் பூர்வகுடி மக்கள் வாழ்கின்றனர். கெடா மாநிலத்தில் பூர்வகுடியினரின் குடியிருப்பு இஃதொன்றே. இவர்கள் செமாங் என்று பண்டை ஆய்வாளர் அழைத்த பெருங்குழுவைச் சேர்ந்தவர்கள். ஸ்கீட், பிளாக்டன் ஆகிய இருவரும் 1906இல் வெளியிட்ட ஆய்வுநூல், செமாங் மக்களுக்கே சிறப்பாக உரிய கருவி வில் என்று பதிவு செய்கிறது. ஈப்போ மரத்தின் நச்சுப்பாலை அம்பு முனையில் தடவி அவர்கள் வேட்டையாடினர். ஈப்போ நகரம் பெயர் பெற்றது இம்மரத்தாலேயே. காலப்போக்கில் வில் மறைந்து, ஊதுகுழல் அதன் இடத்தைப் பிடித்தது. கருவி மாறியபோதும் நோக்கம் மாறவில்லை. குடும்பத்தின் பசியே வேட்டையின் அளவுகோலாக நின்றது.

நாட்டுச் சட்டமும் இந்த அளவுகோலை ஏற்றுள்ளது. 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், பூர்வகுடியினர் தமக்கும் தம் குடும்பத்தார்க்கும் உணவாகும் பொருட்டுப் பட்டியலில் கண்ட சில உயிரினங்களை வேட்டையாட இடம் தருகிறது. விற்பனைக்காக வேட்டையாட இடம் தரவில்லை. ஒரே காடு, ஒரே விலங்கு, ஒரே கருவி. ஆயினும் அடுப்பிற்குச் செல்லும் உயிரும் சந்தைக்குச் செல்லும் உயிரும் சட்டத்தின் கண்ணில் ஒன்றாகா. அடுப்பிற்கு எல்லை உண்டு. வயிறு நிறைந்தால் போதும் என்று சொல்லும். சந்தைக்குப் போதும் என்ற சொல் தெரியாது. ராஜா பெர்சியோங்கின் நாவிற்கும் அச்சொல் தெரிந்திருக்கவில்லை.

தோட்டப்புறத் தமிழர் வாழ்விலும் வேட்டை இடம் பெற்றிருந்தது. ரப்பர்க் கன்றுகளையும் மரவள்ளியையும் தோண்டிப் பாழாக்கும் காட்டுப்பன்றியைத் துரத்திப் பிடிப்பது அங்கு ஊர்ப்பணியாகவே கருதப்பட்டது. வேட்டை நாய்களோடு சென்றவர்கள் திரும்பியதும் இறைச்சி கூறு போடப்படும். வேட்டைக்குச் செல்லாத வீட்டிற்கும் ஒரு பங்கு போய்ச் சேரும். இது பழந்தமிழ் மரபின் தொடர்ச்சி எனலாம். கொல்லிமலைத் தலைவன் வல்வில் ஓரியின் ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகிய ஐந்தையும் வீழ்த்தியதைப் புறநானூற்றில் வன்பரணர் பாடியுள்ளார். அவ்வில்லாற்றலை வியப்போர் பலர். அதே பாட்டில் ஓரி தன் பெயரையும் கூறாமல், வேட்டையில் கிடைத்த ஊனைப் பாணர்க்குப் பகிர்ந்தளித்ததை நினைப்போர் சிலரே. கொன்றதை மறைத்து உண்ணாமல் பகிர்ந்து உண்பதே வேட்டைச் சமூகத்தின் முதல் அறமாக இருந்தது.

அதே தோட்டத்தில் வேறொரு வேட்டையும் நிகழ்ந்தது. கவட்டைக் கம்பில் ரப்பர்ப் பட்டை கட்டிய உண்டிவில்லோடு சிறுவர்கள் பறவைகளைத் தேடித் திரிந்தனர். பசிக்காக அன்று, பயிரைக் காக்கவும் அன்று. கல் பட்டுப் பறவை விழும். ஓடிச் சென்று எடுக்கும் சிறுவனின் உள்ளங்கையில் அதன் உடற்சூடு சிறிது நேரம் தங்கும். அலகின் ஓரத்தில் ஒரு துளிக் குருதி தெரியும். அந்தக் கணத்தில் சில சிறுவர் உண்டிவில்லையே வெறுத்தனர். சிலர் அடுத்த பறவையைத் தேடினர். அருகில் தந்தையோ தாயோ ஆசிரியரோ இருந்து, ‘இது எதற்காகச் செத்தது?’ என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால், இரண்டாம் வகையினர் பலரும் முதல் வகையினர் ஆகியிருப்பர். வேட்டை குடும்பத்தோடு நிகழவேண்டியதன் காரணம் இதுவே. தனியே கொல்லும் பிள்ளைக்குக் கேள்வி கேட்பார் இல்லை.

பிள்ளைக்கு வில்லைக் கொடுக்கும் காட்சியைத் தமிழில் மிக விரிவாகக் காட்டுவது பெரியபுராணம். உடுப்பூர் வேடர்தலைவன் நாகனுக்கும் தத்தைக்கும் பிறந்த திண்ணனார்க்கு விற்பயிற்சி தொடங்கும் விழாவைச் சேக்கிழார் கொண்டாட்டமாகவே பாடுகிறார். பின்னர், நாகன் முதுமையடைந்து வேட்டையைக் கைவிட்டதால் விலங்குகள் பெருகி விளைநிலங்களை அழிக்கின்றன என்று வேடர் முறையிடுகின்றனர். அதன் பின்னரே திண்ணனார் கன்னி வேட்டைக்குப் புறப்படுகிறார். வேட்டைக்குத் தேவை என்னும் காரணம் இங்கும் முன்நிற்கிறது.

ஆயினும் அக்காட்சியில் ஆழ்ந்து நோக்கத்தக்கது வேடர் எய்தது அன்று, எய்யாமல் விட்டது. யானைக் கன்றுகளை அவர்கள் தொடரவில்லை. சிறு குட்டிகளைக் கொல்லவில்லை. கருவுற்றுத் தளர்ந்த பிணைகளைத் துன்புறுத்தவில்லை. விரைந்து ஓடும் வேட்டையின் நடுவே, அம்பு நாணில் பொருந்திய நிலையில், எதிரே நிற்பது தாயா, கன்றா என்று பார்க்கும் கண் அவர்களுக்கு இருந்தது. சைவப் பெருங்காப்பியம் ஒன்று வேடர்க்கு அளித்த இப்பெருமை, வேட்டையை முற்றிலும் அறமற்றது என்று ஒதுக்குவார் எண்ணிப் பார்க்க வேண்டிய ஒன்றாகும்.

இதனோடு மகாபாரதத்தில் வரும் துரோணரின் சோதனையை ஒப்பிடலாம். மரத்தின்மேல் ஒரு பறவையை வைத்து, என்ன தெரிகிறது என்று துரோணர் மாணவரைக் கேட்கிறார். மரமும் கிளையும் தெரிகின்றன என்றவர்கள் தோற்றனர். குறியன்றி வேறொன்றும் தெரியவில்லை என்ற அருச்சுனன் வென்றான். ஆசிரியர்கள் மன ஒருமைப்பாட்டிற்குச் சான்றாக இக்கதையை வகுப்பில் கூறுவதுண்டு. ஆனால் அப்பறவை உயிருள்ளது அன்று, கைவினைஞர் செய்த பொம்மை என்பதைச் சேர்த்துக் கூறுவோர் குறைவு. பொம்மையாயின் குறியை மட்டும் பார்ப்பது திறமை. உயிராயின் குறியை மட்டும் பார்ப்பவன் பறவையைப் பார்க்கத் தவறுகிறான். அதன் கூட்டில் குஞ்சு காத்திருக்கிறதா என்பது அவன் கண்ணில் படாது. இலக்கை எய்வார்க்கு அருச்சுனனின் பார்வை போதும். உயிரை எய்வார்க்குத் திண்ணனாரின் தோழர்க்கு இருந்த பார்வையும் வேண்டும்.

பாராமல் எய்ததன் விளைவை இராமாயணம் கூறும். ஒலி வந்த திசையில் அம்பு எய்வதில் வல்லவன் தசரதன். சரயு நதிக்கரை இருளில் குடத்தில் நீர் நிறையும் ஓசையை யானை நீர் பருகும் ஓசையென மயங்கி எய்தான். வீழ்ந்தது பார்வையற்ற பெற்றோரின் ஒரே மகன். தசரதனின் திறமையில் குறை இல்லை. அம்பு குறி தவறவும் இல்லை. திறமை மிகுந்ததாலேயே பார்க்க வேண்டிய கடமையை அவன் மறந்தான். விட்ட அம்பைத் திருப்பி அழைக்கும் வித்தையை எந்த ஆசானும் அவனுக்குக் கற்பித்திருக்கவில்லை.

வில்லின் இயல்பையே நோக்கினாலும் இப்பொறுப்பு விளங்கும். அம்பு துப்பாக்கிக் குண்டைப் போன்று அதிர்ச்சியால் வீழ்த்துவதன்று. குருதி இழப்பினாலேயே கொல்வது. மரபுவழி வில்லிலிருந்து நொடிக்கு ஏறத்தாழ 50 மீட்டர் விரைவில் செல்லும் அம்பு, 20 மீட்டர் தொலைவைக் கடக்க அரை நொடிக்குச் சற்றுக் குறைந்த நேரம் எடுக்கும். ஒலியோ நொடிக்கு 340 மீட்டர் விரைவில் செல்வது. ஆதலால் நாணின் ஓசை அம்பிற்கு முன்பே மானின் செவியை அடைகிறது. மான் துள்ளினால் அம்பு நெஞ்சில் பாயாமல் வயிற்றிலோ தொடையிலோ பாயும். அவ்வாறு காயமுற்ற விலங்கு புதர்களுக்குள் ஓடி, மணிக்கணக்கில் துன்புற்று இறக்கும். எனவே, தன் கை தவறாத தொலைவிற்குள் வந்தாலன்றி எய்யாமையும், எய்தபின் இலையிலும் புல்லிலும் சிந்திய குருதித் துளிகளைத் தொடர்ந்து சென்று விலங்கின் துன்பத்தை முடித்து வைப்பதும் வில்வேட்டையாளரின் தவிர்க்க முடியாத கடமைகள். ஒரு துளிக் குருதி இங்கே சுவையாக நிற்பதில்லை, கடனாக நிற்கிறது. அக்கடனைத் தீர்க்காமல் வீடு திரும்புவோன் வேடன் ஆகான்.

அமெரிக்காவில் வில்வேட்டை மீண்டும் தழைத்த வரலாறும் சிந்தனைக்குரியது. கலிபோர்னியாவின் யாகி இனத்தில் எஞ்சியிருந்த கடைசி மனிதர் 1911இல் காட்டை விட்டு வெளிவந்தார். இசி என்று அவர் அழைக்கப்பட்டார். ‘மனிதன்’ என்பதே அச்சொல்லின் பொருள். பொன் தேடி வந்து குடியேறியவர்கள் அவருடைய இனத்தாரைத் துப்பாக்கியால் வேட்டையாடியே அழித்திருந்தனர். குருதிச் சுவை விலங்கோடு நின்றுவிடுவதில்லை என்பதற்கு வரலாறு தரும் கொடிய சான்று இது. 1916இல் என்புருக்கி நோயால் இறக்கும்வரை, சாக்ஸ்டன் போப் என்னும் மருத்துவர்க்கு இசி தம் வில்வித்தையைக் கற்பித்தார். போப் 1923இல் எழுதிய நூல் அந்நாட்டில் பலரை வில்லின்பால் ஈர்த்தது. 1934இல் விஸ்கான்சின் மாநிலம் வில்லுக்கென்றே ஒரு மான் வேட்டைப் பருவத்தை வகுத்தது. தன் இனத்தைக் கொன்றவர்களின் பிள்ளைகளுக்கு வில்லையும், காட்டில் நடக்க வேண்டிய முறையையும் கொடுத்துச் சென்றவர் ஒரு வேடரே.

இன்று அங்குள்ள குடும்பங்கள் பலவற்றில் கோடைக்காலம் இலக்கு எய்யும் காலம். தந்தையும் தாயும் பிள்ளைகளும் வைக்கோற் பொதியையோ, மான் வடிவில் செய்த நுரைப்பஞ்சு உருவத்தையோ நிறுத்திப் பழகுவர். இலையுதிர் காலத்தில் உரிமம் பெற்றுக் காட்டிற்குச் செல்வர். எத்தனை விலங்கு, எந்த நாள்கள் என்பனவற்றை அரசு வரையறுக்கும். ஒரு பருவம் முழுவதும் மரத்தின்மேல் காத்திருந்து, ஓரம்பும் விடாமல் திரும்புவோர் பலர். அப்பருவம் வீணாயிற்று என்று அவர்கள் எல்லாரும் கருதுவதில்லை. காத்திருக்கக் கற்றதே பயனாகிறது.

அவ்வாறாயின், இலக்கு ஒன்றே போதுமே, உயிர் எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 1900ஆம் ஆண்டு பாரிஸ் நகரப் போட்டிகளின்போது உயிருள்ள புறாக்களைப் பறக்கவிட்டுச் சுட்டனர். பின்னாளில் களிமண் தட்டுகள் புறாக்களின் இடத்தைப் பெற்றன. சுடுவோரின் திறமை அதனால் குன்றவில்லை. இந்தியாவின் லிம்பா ராம் மற்றொரு சான்று. ராஜஸ்தானத்து உதயப்பூர்ப் பகுதியின் பழங்குடிக் குடும்பத்தில் 1972இல் பிறந்த அவர், சிறுவயதில் மூங்கில் வில்லால் குருவியும் கௌதாரியும் வேட்டையாடியவர். 1987இல் அரசின் தேர்வாளர் கண்ணில் பட்டார். 1988, 1992, 1996 ஆகிய மூன்று ஒலிம்பிக் போட்டிகளில் நாட்டிற்காக எய்தார். 1992இல் பீஜிங்கில் நிகழ்ந்த ஆசியப் போட்டியில் உலகச் சாதனையைச் சமன் செய்தார். அதே கை, அதே கண்; ஆயினும் குருதி சிந்தவில்லை. ஒலிம்பிக்கில் 70 மீட்டர் தொலைவில் நிற்கும் 122 சென்டிமீட்டர் அகல இலக்கின் நடுவட்டம் 12.2 சென்டிமீட்டர் அகலமே. அதை எய்துவதற்கு வேண்டிய அடக்கம் எந்த வேட்டைக்கும் குறைந்ததன்று.

எனினும், இலக்கிற்கும் ஒரு குறை உண்டு. தாள் வலியறியாது. தவறிய அம்பிற்கு இழப்பு ஒரு புள்ளியே. தாளை மட்டுமே எய்து பழகியவர் தம் கருவி உயிரைப் பறிக்க வல்லது என்பதை மறந்துபோகவும் கூடும். வில்லை விளையாட்டாகக் கற்பிக்கும் ஆசிரியரும் தந்தையும், இஃது என்ன செய்ய வல்லது என்பதையும் கற்பித்தால்தான் பாடம் நிறைவெய்தும்.

இங்கே வள்ளுவரைக் கடந்து செல்ல இயலாது. அருளுடைமையை அடுத்துப் புலால் மறுத்தலை வைத்தவர் அவர். கொல்லாமைக்கும் தனி அதிகாரம் வகுத்தவர். இவ்விரண்டும் துறவறவியலில் அமைந்தமையால் இல்லறத்தார்க்கு இவை கட்டாயமல்ல என்று வாதிடுவோர் உண்டு. ஆனால் உண்பார் இல்லையெனில் விலைக்கு ஊன் தருவாரும் இல்லை என்னும் கருத்து, சந்தைக்குச் சென்று இறைச்சி வாங்கும் இல்லறத்தானையே நேராகச் சுட்டுகிறது. கடையில் வாங்கியவன் கத்தியைத் தொடவில்லை, குருதியையும் காணவில்லை. அதனாலேயே தூயவன் என்று தன்னை எண்ணிக்கொண்டு வேடனைக் கொடியவன் என்பானாயின், அது வள்ளுவர்க்கு உடன்பாடன்று. கொல்லாமையை முழுமையாக மேற்கொண்டார்க்கே வேடனைக் கடியும் உரிமை உண்டு. ஏனையோர்க்கு வேடன் ஒரு கண்ணாடி. தாம் காணாமல் விட்ட குருதியை அவன் காட்டுகிறான்.

கொல்லாமை என்பது கொல்ல இயலாமை அன்று. வில்லே ஏந்தாதவனிடம் கருணை இருக்கலாம், அது சோதிக்கப்படவில்லை. வளைத்த வில்லைத் தளர்த்துகிறவனிடமே அக்கருணை சோதனையில் வெல்கிறது. ஆகவே, வில்லேந்தும் பிள்ளைக்குத் தரவேண்டிய பாடத்தை மூன்று கேள்விகளாகச் சுருக்கலாம். இவ்வுயிர் எனக்குத் தேவையா? என் கை தவறாது என்று உறுதியாகச் சொல்ல இயலுமா? சிந்தும் குருதிக்கு நான் பொறுப்பேற்பேனா? மூன்றில் ஒன்றற்கு விடை ‘இல்லை’ எனினும் அம்பு நாணைவிட்டு நீங்கலாகாது. உலு லெகோங் மக்களின் மரபு முதற்கேள்விக்கு விடை கூறவல்லது. பாலிங், கோல கெட்டில், கூப்பாங் ஆகிய ஊர்களில் கடையில் உணவு வாங்கி உண்ணும் குடும்பங்கள், முதற்கேள்வியிலேயே தயங்கி நிற்க வேண்டியிருக்கும். அவர்தம் பிள்ளைகளுக்கு இலக்கே ஏற்றது. இலக்கு வேட்டைக்கு மாற்று மட்டுமன்று. முதற்கேள்விக்கு உண்மையாக விடை சொன்னவர் அடையும் இடமும் அதுவே.

திண்ணனாரின் கதை வேட்டையோடு முடியவில்லை. காளத்தியில் இறைவன் திருக்கண்ணில் குருதி பெருகக் கண்டபோது, அவர் முதலில் வேடனாகவே நடந்துகொண்டார். வில்லையும் அம்பையும் எடுத்துக்கொண்டு தீங்கு செய்தவரைத் தேடினார். எவரையும் காணாது திரும்பியபின், அதே அம்பினால் தம் கண்ணை அகழ்ந்து அப்பிக் கண்ணப்பர் ஆனார். அதுவரை வெளியே பாய்ந்த அம்பு, அன்று தம்மை நோக்கித் திரும்பியது.

இரு வேறு நிலங்களின் கதைகள்; இரண்டிலும் குருதியைக் கண்ட மனிதன் ஒருவன். ஒரு துளியைச் சுவைத்த மன்னனுக்குக் கோரைப்பல் முளைத்தது. பெருகிய குருதியைக் கண்ட வேடர் தம் கண்ணையே கொடுத்தார். மன்னனை உயர்த்த அரியணையால் இயலவில்லை. வேடரைத் தாழ்த்த வில்லால் இயலவில்லை. உண்டிவில்லோடு நிற்கும் சிறுவனின் உள்ளங்கையில் சூடாறாத பறவை கிடக்கும் அக்கணத்தில், இவ்விரு வழிகளும் அவன் முன் திறந்தே இருக்கின்றன. அருகில் நிற்கும் பெரியவர் கேட்கும் ஒரு கேள்வி, அவனை எவ்வழியிலும் திருப்ப வல்லது. தன் கோரைப்பல்லைத் தானே பிடுங்கி எறிய அந்த மன்னனுக்கு நாட்டையே இழக்க வேண்டியிருந்தது. அப்பல் முளைக்குமுன் எறியக் கற்றுக்கொடுப்பதே கல்வி.